மருந்து ஏற்றிய மரம் பலம் குறையுமா? எங்கள் கொட்டகைக் கைமரம் வயிறு விட்ட கதை

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். ஒன்றரை வருடத்துக்கு முன் மாட்டுக் கொட்டகையின் கூரையைப் பிரித்து மறுபடி ஓடு போட்டோம். பழைய கைமரங்களைக் கரையான் தின்றுவிட்டதால், இந்த முறை பிரஷர் போட்டு மருந்து ஏற்றிய தைல மரம் வாங்கினோம். 3க்கு 4 சட்டம், சுவருக்குச் சுவர் 11 அடி.

ஒரு கோடை போனதும் கைமரங்கள் நடுவில் ஒன்றரை அங்குலம் தொய்ந்து வயிறு விட்டுவிட்டன. ஒரு சட்டம் சுவர் ஓரத்தில் கீறிக்கொண்டது. கொத்தனார், பக்கத்து வீட்டு மாமா, பால்காரர் எல்லோரும் ஒரே பேச்சு: "மருந்து மரத்தோட உசுர எடுத்துடும், உள்ள நார் செத்துடும்." கரையான் மட்டும் ஒன்றுகூட ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வீட்டுக் கூரையையே பிரிக்க வேண்டிய நிலை. மருந்து ஏற்றிய மரம் போடலாமா வேண்டாமா? படித்தவர்கள், வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜல்லிக்கரண்டி | ஞாயிறு, இரவு 10:05

ஜிஐ பைப் போட்டு ட்ரஸ் அடித்துவிட்டுத் தூங்குங்கள். இந்தக் காலத்தில் யார் மரம் போடுகிறார்கள்?

உளியும்சுத்தியலும் | ஞாயிறு, இரவு 10:31

தம்பி, நான் காவேரிப்பட்டணம். தச்சு வேலை முப்பது வருடமாக. மருந்து மரத்தை இழைத்திருக்கிறேன். இழைப்புளி சீக்கிரம் மழுங்கும், தூள் பச்சையாக வரும், தும்மல் நிற்காது. ஆனால் நார் செத்து நான் பார்த்ததில்லை. கீறின சட்டத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். சுவர்மேல் உட்காரும் இடம் தெரியணும்.

விட்டம்கணக்கு | திங்கள், காலை 7:18

ஓசூரில் இருக்கிறேன், கட்டமைப்புப் பொறியாளர். மாமா சொன்னதில் கால் பங்கு உண்மை இருக்கிறது. மீதி முக்கால் பங்குக்கு வேறு ஆளைத் தேட வேண்டும். அதற்கு முன் நான்கு கேள்வி. மரம் லாரியில் இருந்து இறங்கும்போது ஈரமா, காய்ந்ததா? இறங்கிய எத்தனையாவது நாளில் ஏற்றினீர்கள்? கைமரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? சுவர்மேல் உட்கார அடியில் வெட்டினார்களா?

பாலக்கோட்டான் | திங்கள், மதியம் 1:50

சார், லாரியில் இருந்து பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. இறக்கிய ஆட்களின் கை இரண்டு நாள் பச்சையாகவே இருந்தது. மூன்றாம் நாள் முகூர்த்தம், அன்றே ஏற்றிவிட்டோம். பழைய கூரையில் 2 அடிக்கு ஒரு கைமரம் இருந்தது. "இது மருந்து மரம், ஸ்ட்ராங்கு" என்று கொத்தனார் 3 அடியாகத் தள்ளிப் போட்டார். நான்கு சட்டம் மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

அடியில் ஒன்றரை அங்குலம் வெட்டித்தான் சுவர்மேல் உட்கார வைத்தார்கள். போட்டோ போட்டிருக்கிறேன், பாருங்கள்.

உளியும்சுத்தியலும் | திங்கள், மாலை 6:12

போட்டோ பார்த்தேன். கீறல் எங்கே பிறந்திருக்கிறது பாருங்கள்: வெட்டின பள்ளத்தின் உள் மூலையில். அங்கிருந்து நாரோடு நாராக இரண்டு முழம் ஓடியிருக்கிறது. நாலங்குலச் சட்டத்தில் ஒன்றரை அங்குலம் அடியில் வெட்டினால் அங்கே மிச்சம் இரண்டரைதான். ரம்பத்தைக் கொஞ்சம் தாண்டி இழுத்தும் இருக்கிறார்கள், மூலையில் கோடு தெரிகிறது. இந்த வெட்டுக்கு வைரம் பாய்ந்த வேங்கையே பிளக்கும். பாவம், மருந்து மேல் பழி.

இன்னொன்று. பள்ளத்துக்குள் நிறம் பார்த்தீர்களா? ஓரத்தில் விரல் அகலம் பச்சை, உள்ளே செம்பழுப்பு. மருந்து வெள்ளைப் பகுதியில் மட்டும்தான் ஏறியிருக்கிறது. தைல மரத்தின் வைரம், அதாவது உள் மரம், மருந்து குடிக்காது. வெட்டின இடத்தில் மருந்து ஏறாத மரம் வெளியே வந்துவிட்டது, கரையானுக்கு வாசல் வைத்த மாதிரி.

விட்டம்கணக்கு | திங்கள், இரவு 9:55

ஆசாரி சொன்ன பிறகு கீறலைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. வயிறு விட்ட கதைக்கு வருகிறேன்.

3 அடி இடைவெளி, ஓடும் ரீப்பரும் சேர்ந்த எடை, 11 அடி நீளம், ஈரத் தைல மரத்தின் விறைப்பு (வளையாமல் நிற்கும் குணம்) எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டேன். ஓடு ஏற்றிய அன்றே நடுவில் முக்கால் அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். மரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நாள்பட நாள்பட மேலும் இறங்கும். அமெரிக்க வடிவமைப்பு விதியில் காய்ந்த மரத்துக்கு அந்த நிரந்தர இறக்கத்தை 1.5 மடங்காக எடுப்பார்கள், ஈர மரத்துக்கு 2 மடங்கு. முக்காலை இரண்டால் பெருக்குங்கள். உங்கள் ஒன்றரை அங்குலம் அப்படியே வந்து நிற்கிறது. மருந்து என்ற சொல்லே இல்லாமல் கணக்கு முடிந்துவிட்டது.

இதே சட்டம் காய்ந்து, பழையபடி 2 அடிக்கு ஒன்றாக இருந்திருந்தால் அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். யாரும் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மரத்தின் ஈரப்பதம் 25, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது, ஒவ்வொரு சதவீதம் காய்வதற்கும் முறியும் பலம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். விறைப்பு 2 சதவீதம் போலக் கூடும். மருந்து ஏற்றுவது என்றால் காய வைத்த மரத்தைச் சிலிண்டரில் போட்டு, காற்றை உறிஞ்சி, தண்ணீரில் கரைத்த மருந்தை அழுத்தி ஏற்றுவது. வெளியே வரும்போது அது மறுபடி ஈரமான பச்சை மரம். முன்பு காய்ந்திருந்தபோது இருந்த பலம் திரும்ப வேண்டுமானால் மறுபடி காய வேண்டும். உங்கள் மரம் ஓட்டைச் சுமந்துகொண்டே காய்ந்தது, வளைந்தபடியே காய்ந்தது. அந்த வளைவு இனி நிமிராது.

ஜல்லிக்கரண்டி | திங்கள், இரவு 10:20

அப்போ அந்த "கால் பங்கு உண்மை" என்ன சார்? மருந்து அப்பாவி என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு அதை விட்டுவிட்டீர்களே. இந்த வெளிநாட்டு மருந்தெல்லாம் நம் ஊர் வெயிலுக்குச் சரிவராது.

விட்டம்கணக்கு | செவ்வாய், காலை 6:40

வெளிநாடா? இந்தப் பச்சை மருந்தில் இருக்கும் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்பட வைக்கும் முறையை 1933இல் கண்டுபிடித்தவர் சொன்டி காமேசம். இடம், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்துதான் அது உலகம் முழுக்கப் போனது. மின்கம்பம், வேலிக்கால், வீட்டு வெளி மரத்தளம் என்று அமெரிக்காவே பல பத்தாண்டுகள் அதன்மேல் நின்றது. ஆர்சனிக் பயத்தில் 2003 கடைசியோடு அங்கே வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தினார்கள், அது வேறு விஷயம்.

இப்போது கால் பங்கு. கான்கிரீட் ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மரத்தில் செல்லுலோஸ் கம்பி, லிக்னின் சிமெண்ட். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டுக்கம்பி ஹெமிசெல்லுலோஸ். குரோமியம் மரத்தோடு வினை புரிந்துதான் மருந்தை உள்ளே கெட்டியாக்குகிறது. அந்த வினையில் மரத்தையே கொஞ்சம் கடித்துத்தான் மருந்து ஒட்டுகிறது. முதலில் கடிபடுவது கட்டுக்கம்பி.

கட்டுக்கம்பி நாலு அறுந்தால் தூண் உடனே சாயாது, இல்லையா? அதே கதை. விறைப்பில் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. அமுக்கத்தைத் தாங்குவதிலும் இல்லை. வளைத்து முறிக்கும் பலத்தில் ஒன்றும் குறையாமலும் இருக்கலாம், பத்து இருபது சதவீதம் வரை குறையவும் செய்யலாம். அது மருந்தின் அளவையும் பிறகு காய வைத்த சூட்டையும் பொறுத்தது. உண்மையில் அடி வாங்குவது அதிர்வைத் தாங்கும் குணம்தான். மெதுவாக ஏறும் பாரத்துக்கு அசையாத மரம், திடீர் அடிக்கு முன்பைவிடச் சீக்கிரம் முறியும்.

இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஒரே சட்டத்தில் இருந்து அறுத்த இரண்டு குச்சிகளை இயந்திரத்தில் வைத்தோம். மருந்து இல்லாதது முனகி, நார் நாராகப் பிய்ந்து, கரும்பை ஒடித்த மாதிரி நீளச் சிலாம்புகளோடு தொங்கியது. மற்றது மருந்து ஏற்றி, அவசரமாக அதிகச் சூட்டில் காய வைத்தது. ஏறக்குறைய அதே பாரம் வரை பேசாமல் இருந்துவிட்டு, சாக்பீஸ் மாதிரி 'டக்' என்று இரண்டாகப் போனது. முறிந்த முகத்தைத் தடவினால் வழவழப்பு.

அதனால்தான் மருந்து ஏற்றிய மரத்தைச் சூளையில் காய வைக்கும்போது 74 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மருந்துக்கு மரத்தைக் கடிக்கும் தெம்பைக் கொடுப்பதே சூடுதான்.

ஜல்லிக்கரண்டி | செவ்வாய், காலை 8:02

காமேசம் விஷயம் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் சித்திரை மாதம் கொதிக்குமே, அந்தச் சூடு கணக்கில்லையா?

விட்டம்கணக்கு | செவ்வாய், காலை 8:30

நல்ல கேள்வி. 1980களில் அமெரிக்காவில் கூரைக்குப் போட்ட பிளைவுட் பரண் சூட்டில் பொடிப்பொடியாக உதிர்ந்து பெரிய ரகளை ஆனது. ஆனால் அது தீத்தடுப்பு உப்பு ஏற்றிய பலகை. அந்த உப்பு சூட்டில் அமிலத்தைக் கக்கும், வருடக்கணக்கில் விடாது. கரையான் மருந்து ஒரு தடவை கெட்டிப்பட்டதோடு சரி, நம் ஊர் கூரைச் சூட்டில் தொடர்ந்து கடிக்காது. இரண்டையும் 'கெமிக்கல் மரம்' என்று ஒரே மூட்டையில் கட்டியதில் பாதி வதந்தி பிறந்தது.

ராயக்கோட்டைஅக்கா | செவ்வாய், மதியம் 2:15

நாங்கள் தக்காளிக்குச் சவுக்குக் குச்சி ஊன்றுகிறோம். அடி நுனியைக் கறுப்பு ஆயிலில் முக்குவோம். அப்படியும் இரண்டாவது போகத்தில் மண்மட்டத்தில் படக்கென்று ஒடிகிறது. பார்த்தால் குச்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆயில்தான் நாரைக் கெடுக்கிறதோ என்று இவருக்குச் சந்தேகம். அதுவும் இதே கதையா?

விட்டம்கணக்கு | செவ்வாய், மாலை 5:48

அக்கா, ஆயில் நாரைத் தொடவில்லை. அது தோலோடு நின்றுவிடுகிறது, அதுதான் குறை. மண்மட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சை அங்கேதான் குடியேறும். மரத்தின் எடையில் ஐந்து, பத்து சதவீதம் குறையும்போதே பலத்தில் பாதிக்கு மேல் போயிருக்கலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலால் அழுத்தினாலும் கெட்டியாக இருக்கும். உங்கள் குச்சி 'நன்றாக இருந்தது' என்பது இந்த நிலை.

இதையும் ஒரு கணக்காகச் சொல்கிறேன், பாலக்கோட்டாருக்கும் உதவும். 3க்கு 5 சட்டத்தில் நாலு பக்கமும் கால் அங்குலம் மட்டும் கரையான் அரிக்கிறது என்று வையுங்கள். மிச்சம் இரண்டரைக்கு நாலரை. பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. விறைப்பு அதற்கும் மேலே, ஏறக்குறைய நாற்பது சதவீதம். மருந்து எடுப்பது பத்து சதவீதம் என்றால், அதை ஈடுகட்ட நாலு அங்குல உயரத்தை நாலேகால் ஆக்கினால் போதும், பதின்மூன்று சதவீதம் கூடிவிடும். கரையானோடு இப்படிப் பேரம் பேச முடியாது.

கூட்டுப்புழு | செவ்வாய், இரவு 8:37

குறுக்கே வருகிறேன். பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு மனைக்குக் கூரை போடணும். மருந்து மரம் போடச் சொல்கிறார்கள். பலம் இருக்கட்டும், புழு என்ன ஆகும்?

உளியும்சுத்தியலும் | செவ்வாய், இரவு 9:10

பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்த காற்று பட்டாலே சுருண்டு விழும் ஜீவன் அது. பூச்சியைக் கொல்ல ஏற்றின மரத்தைப் பூச்சி வளர்க்கிற வீட்டில் வைப்பானேன்? தட்டு, தாங்கி, ஸ்டாண்டு எதற்கும் வேண்டாம். மனைக்குள் இரும்பு போடுங்கள்.

ஜல்லிக்கரண்டி | செவ்வாய், இரவு 9:14

நான் முதலிலேயே சொன்னேன் :)

விட்டம்கணக்கு | செவ்வாய், இரவு 9:50

இந்த ஒரு இடத்தில் ஜல்லிக்கரண்டி வெற்றி. ஆசாரி சொன்னதுதான் சரி.

பாலக்கோட்டான் | புதன், இரவு 10:12

படித்துவிட்டு கொத்தனாரிடம் காட்டினேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதுவாங்க" என்றார். போகட்டும்.

மூன்று சந்தேகம். ஒன்று, வீட்டுத் திண்ணைக்கு மேலே உள்ள உத்தரத்தில் பாட்டியின் ஊஞ்சல் தொங்குகிறது. அந்த உத்தரத்தையும் மாற்றணும். இரண்டு, கொட்டகையில் ஆணித் தலையெல்லாம் துருப்பிடித்துப் பொரிந்து நிற்கிறது, அது ஏன்? மூன்று, மிச்சமான துண்டுகளை அம்மா வெந்நீர் அடுப்பில் எரிக்கிறார், நன்றாக எரிகிறது என்கிறார்.

விட்டம்கணக்கு | புதன், இரவு 10:20

மூன்றாவதை இப்போதே நிறுத்துங்கள். நாளைக்கு இல்லை, இப்போது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கவோ செடிக்குப் போடவோ கூடாது. மாடு நக்கும் இடத்தில் கொட்டவே கூடாது.

பாலக்கோட்டான் | புதன், இரவு 10:34

நிறுத்தியாச்சு. சாம்பலைச் சாக்கில் கட்டி மூடி வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம், "ஒன்றரை வருஷமா எரிச்சனே, எனக்கு என்ன ஆச்சு" என்கிறார். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

விட்டம்கணக்கு | வியாழன், காலை 7:05

நல்லது. டாக்டரிடம் என்ன மரம், எவ்வளவு நாள் எரித்தது என்று சொல்லுங்கள். மிச்சத் துண்டுகளை நனையாத இடத்தில் தனியாக வையுங்கள்.

ஆணி: தாமிரம் உள்ள மருந்து ஈரமாக இருக்கும்வரை சாதா இரும்பைத் தின்னும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணியோ ஸ்டெயின்லெஸோ போடணும். ஆணி மெலிந்தால் மரம் எவ்வளவு பலமாக இருந்து என்ன, மூட்டு விட்டுப்போகும். கொட்டகையில் நாலு ஆணியைப் பிடுங்கிப் பாருங்கள்.

ஊஞ்சல்: மேலே சொன்ன அதிர்வுக் குணம் இங்கேதான் வேலை செய்யும். ஓடு அசையாத பாரம். ஊஞ்சல் ஒவ்வொரு வீச்சிலும் இழுக்கிறது, பேரப்பிள்ளைகள் குதித்து ஏறுவார்கள். நொடிப்பொழுது மோதும் பாரத்துக்கு மரம் இரண்டு மடங்கு தாங்கும் என்று அமெரிக்க விதியில் ஒரு சலுகை உண்டு. தண்ணீர் மருந்தை அழுத்தி ஏற்றிய மரத்துக்கு அதே விதி அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஊஞ்சல் உத்தரத்துக்கு நான் மருந்து மரத்தை எடுக்க மாட்டேன்.

உளியும்சுத்தியலும் | வியாழன், காலை 9:40

எடுக்கவும் வேண்டாம். தம்பி, உங்கள் பழைய வீடு என்றால் உத்தரம் ஆச்சாவாகவோ வேங்கையாகவோ இருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் உளுத்துவிட்டது. ஓரத்து வெளிறு (வெள்ளைப் பகுதி) மட்டும் பொடியாகி, உள்ளே வைரம் இரும்பாக இருக்கும். வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு அதையே திருப்பி ஏற்றுங்கள். எங்கள் அப்பா போட்ட ஆச்சாவில் நான் ஆணி அடிக்கப் போய், ஆணி வளைந்ததுதான் மிச்சம்.

மருந்து தேவைப்படுவது கைமரத்துக்கும் ரீப்பருக்கும்தான், அவைதான் வெளிறு மரமாக வரும். வீட்டுக்குள் மழை படாத இடத்துக்குப் போராக்ஸ், போரிக் ஆசிட் போதுமே சார்?

விட்டம்கணக்கு | வியாழன், மதியம் 1:22

போதும். ஓடு ஒழுகாத இடத்துக்கு அதுதான் என் முதல் தேர்வு. போராக்ஸ் 3 பங்கு, போரிக் ஆசிட் 2 பங்கு. பச்சை மரத்தையே கரைசலில் முக்கி, தார்ப்பாயில் மூடி அடுக்கி வைத்தால், மரத்தில் இருக்கும் ஈரத்தின் வழியாகவே வாரக்கணக்கில் உள்ளே ஊறும். குரோமியம் மாதிரி நாரைக் கடிக்காது, பலத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி குறைவு இல்லை. மழை பட்டால் கரைந்து வெளியே போய்விடும், அதனால் இறவாரத்துக்கும் மண் தொடும் காலுக்கும் ஆகாது.

பிரஷர் மரமே வாங்கினால் ரசீதில் ஒரு எண் கேளுங்கள்: ஒரு கன மீட்டர் மரத்தில் எத்தனை கிலோ மருந்து தங்கியது. தாமிர குரோமிய ஆர்சனிக் மருந்துக்கு அமெரிக்கத் தரத்தில் தரைக்கு மேல் 4 கிலோ, மண்ணைத் தொட்டால் 6.4, கடலுக்குள் நிற்கும் தூணுக்கு 40. பலம் கணிசமாகக் குறைவது அந்தக் கடைசி ஜாதியில்தான். 'டபுள் டோஸ் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

வெட்டு, துளை, பள்ளம் எல்லாம் மருந்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், மர பதனத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 401 அதைத்தான் சொல்கிறது. தப்பி எங்காவது அறுத்தால் அந்த முகத்தில் மருந்தைத் தாராளமாகப் பூசுங்கள்.

ராயக்கோட்டைஅக்கா | வியாழன், மாலை 4:30

அம்மாவுக்கு டாக்டர் என்ன சொன்னார் தம்பி?

பாலக்கோட்டான் | வியாழன், இரவு 9:15

சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் அக்கா, முடிவு வரணும். அம்மா இப்போது புளிய விறகுக்கு மாறிவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

பாலக்கோட்டான் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:50

இழையை மறக்கவில்லை. அம்மாவின் சோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டு உத்தரங்களைத் தட்டினோம். ஐந்தில் நாலு 'ணங்'. ஆசாரி சொன்ன மாதிரி ஆச்சாதான். ஊஞ்சல் உத்தரமும் அதில் ஒன்று, வெளிறைச் செதுக்கியதில் அரை அங்குலம் இளைத்திருக்கிறது, அவ்வளவே. கைமரத்துக்குச் சட்டம் அறுத்து, நுனியில் பள்ளமே இல்லாமல் சுவர்மேல் சாய்வுக்கட்டை வைத்து உட்காருகிற மாதிரி திட்டம் போட்டுப் போராக்ஸில் ஊற வைத்தோம். இடைவெளி 2 அடிதான். கொத்தனார் இதற்கும் சிரித்தார்.

தார்ப்பாயைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. மாங்காய் மண்டிக் கொட்டகையில் குச்சி கொடுத்து அடுக்கி, ஒரு இரண்டடித் துண்டை மட்டும் தனியாக வைத்து ஞாயிறுதோறும் மளிகைக்கடைத் தராசில் எடை போடுகிறேன். முதல் வாரம் 4 கிலோ 480. அடுத்த வாரம் 4 கிலோ 190. இன்றைக்கு 4 கிலோ 20. எடை இறங்குவது நின்றதும் ஏற்றலாமா சார்?

விட்டம்கணக்கு | ஞாயிறு, இரவு 9:31

அடுத்தடுத்து இரண்டு வாரம் ஒரே எடை காட்டட்டும். அதுவரை முகூர்த்தம் பார்க்காதீர்கள்.

ஜல்லிக்கரண்டி | ஞாயிறு, இரவு 9:33

தராசுக்காரருக்கு வாடகை கொடுத்தீர்களா?